நாயனக்காரரும் நரசிங்கம்பேட்டையும்

(வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர், 1974–77 அணி)

மலர்க்குழு நண்பர்கள் ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டார்கள். "வரலாறு படித்தவன் நீ, பிளாசிப் போர், பானிப்பட்டுப் போர் எல்லாம் வேண்டாம், நம்ம பக்கத்து விஷயமா எழுது" என்று நிபந்தனை வேறு. நம்ம பக்கத்து விஷயம் என்றால் கோவிலும் காவிரியும் நாயனமும்தானே! கோவிலைப் பற்றியும் காவிரியைப் பற்றியும் எழுத இந்த மலரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே நாயனத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாயவரம் பக்கத்திலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் வந்து படித்த நண்பர்களுக்கு நினைவிருக்கும். குத்தாலம் தாண்டினால் ஒரு சின்ன ஸ்டேஷன், அப்புறம் ஆடுதுறை. அந்தச் சின்ன ஸ்டேஷனின் பெயர்ப்பலகை நரசிங்கம்பேட்டை. மூன்று வருஷம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போய்வந்தோம். தமிழ்நாட்டில் எந்த ஊர் மாப்பிள்ளை அழைப்பிலும் முன்னால் போகிற அந்த வாத்தியம் பெரும்பாலும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில்தான் பிறந்தது என்று எந்தப் பாடப்புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. வைஸ்ராய்களின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

ஒரு வித்வானுக்கும் அவர் கையிலிருக்கும் கருவிக்கும் என்ன உறவு? கருவிக்கு ஏற்றபடி மனிதன் வளைகிறானா, மனிதனுக்கு ஏற்றபடி கருவி வளைகிறதா? இந்தக் கேள்விக்கு நம் தஞ்சைச் சீமையில் கிடைக்கும் விடையைத்தான் இந்தச் சில பக்கங்களில் சொல்லப் பார்க்கிறேன்.

தெருவுக்காகப் பிறந்த வாத்தியம்

முதலில் பெயர். நாதஸ்வரமா, நாகஸ்வரமா என்று பண்டிதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். நாகஸ்வரமே பழைய வழக்கு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கட்சி. ஊரில் இரண்டும் சொல்வதில்லை, நாயனம் என்பார்கள். அதுவே நமக்கும் போதும்.

நாயனம் கோவிலுக்கும் தெருவுக்கும் உரிய வாத்தியம். சுவாமி புறப்பாடு நாலு வீதியும் சுற்றி வரும். மைக் கிடையாது. முன்னால் போகும் நாயனம் கடைசி வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்க வேண்டும். ஆகவே வாத்தியம் குட்டையாகவும் சுருதி உச்சத்திலும் இருந்தது. இதற்குத் திமிரி என்று பெயர். நாலு கட்டை, நாலரை, ஐந்து கட்டை என்று பிளிறும். பெயருக்கேற்ற வாத்தியம்தான்!

திமிரி, இடைபாரி, பாரி என்று நீளத்தையும் சுருதியையும் வைத்துப் பிரித்துச் சொல்வது வழக்கம். நீளம் கூடக்கூடச் சுருதி இறங்கும். நீண்ட நாயனம் நம் பக்கத்துக்கு முற்றிலும் புதியதன்று. திருவாரூர் தியாகராசர் கோவிலில் பாரி நாயனம் என்ற பெயரிலேயே ஒரு மரபு இருந்து வந்திருக்கிறது. கும்பகோணம் கும்பேசுவரர் கோவிலில் கல்லிலேயே செய்த நாயனம் ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் ஊர்வலங்களிலும் கல்யாணங்களிலும் ஆட்சி செய்தது திமிரிதான்.

திமிரியில் ஒரு சங்கடம். வாத்தியத்தில் விரல் வைக்கும் துளைகள் 7, சுருதிக்காகக் கீழ்ப்பக்கம் இடும் துளைகள் 5, ஆக 12. சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மத்தியமம் என்ற ஸ்வரம் இரண்டு வகை. சுத்த மத்தியமம் ஒன்று, பிரதி மத்தியமம் ஒன்று. பழைய திமிரியில் துளையைத் திறந்து ஊதினால் இயல்பாக விழுவது பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்துக்குச் சரி. தோடிக்கும் சங்கராபரணத்துக்கும் கரகரப்பிரியாவுக்கும் வேண்டியது சுத்த மத்தியமம் ஆயிற்றே! துளையைப் பாதி மூடியும் மூச்சை அடக்கியும் உதட்டால் சீவாளியைப் பிடித்தும் அந்த ஸ்வரத்தை வித்வான் 'வரவழைக்க' வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வரவழைத்தார்கள். கருவியின் குறையை மனிதன் தன் மூச்சால் நிரப்பினான் என்று சொன்னால் அது மிகையாகாது.

"உட்கார்ந்துதான் வாசிப்பேன்"

இந்தக் கட்டத்தில்தான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வருகிறார். 1898இல் திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீன வித்வான். அவரிடம் வளர்ந்து, முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, அப்புறம் நாயனத்துக்கு வந்தவர் ராஜரத்தினம். பாட்டுக்காரரின் காதோடு நாயனம் எடுத்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

அன்றைய நாயனக்காரர் நிலை என்ன? வித்தை இருந்தது, மரியாதை இல்லை. வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, ஜமக்காளம், தம்புரா. நாயனக்காரருக்குத் தெருப்புழுதி. நடந்துகொண்டும் நின்றுகொண்டும் வாசிக்க வேண்டும், பெரிய மனிதர்கள் முன் அடக்க ஒடுக்கமாகத் தெரிய வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை கிராப் வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார், வாய்ப்பாட்டு வித்வானுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒத்து நாயனத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திரம் பிறக்கும் நேரத்தில், திருவாவடுதுறை ஆதீனம் டெல்லிக்கு அனுப்பிய குழுவோடு சென்று வாசித்தவரும் இவரே.

இவருடைய முன்கோபத்தையும் பிடிவாதத்தையும் பற்றிக் கதைகள் ஏராளம். அதையெல்லாம் வெறும் திமிர் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வரலாற்று மாணவன் அப்படிப் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. ஒரு மனிதன் உட்காருவதற்கே போராட வேண்டியிருந்த காலத்தில் சாந்தமாகப் போராடு என்று சொல்வது சுலபம்.

சரி, உட்கார்ந்தாயிற்று. இப்போது கருவி எழுந்து நின்றுகொண்டது! நாலு வீதிக்குக் கேட்கச் செய்த வாத்தியத்தை ஒரு மண்டபத்துக்குள், பத்தடி தூரத்தில் இருக்கிற ரசிகர் முன் ஐந்து கட்டையில் வாசித்தால் காது என்ன ஆகும்? அதே சமயத்தில் நாட்டில் வேறு மாறுதல்களும் நடந்துகொண்டிருந்தன. மைக் வந்தது, இசைத்தட்டு வந்தது. சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் வானொலி நிலையங்கள் வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தில் உச்ச சுருதியில் பாடினால்தான் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும். மைக் வந்தபிறகு அந்தத் தேவை இல்லை. பாட்டின் சுருதி இறங்கியது. இறங்கிய சுருதியில் ராகத்தை நிதானமாக, நெளிவு சுளிவோடு விரிக்க முடிந்தது. பாட்டுக்காரரின் காது கொண்ட ராஜரத்தினம் பிள்ளைக்குத் திமிரி போதவில்லை.

ஆச்சாரியின் பட்டறை

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர்தான் நரசிங்கம்பேட்டை. அங்கே ரங்கநாதன் ஆச்சாரி என்ற நாயனம் செய்யும் கைவினைஞர் இருந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் தேவை அவரிடம் போய்ச் சேர்ந்தது. சுருதி இறங்க வேண்டும், ஆனால் நாதம் செத்துப்போகக் கூடாது. சுத்த மத்தியமம் தானாகச் சுத்தமாக விழ வேண்டும். கேட்பது சுலபம், செய்வது?

குழலை நீளமாக்கினால் மட்டும் போதாது. நீளம் கூடினால் துளைகளின் இடைவெளியும் கூடும், விரல் எட்ட வேண்டும். மேலே குறுகி கீழே அகலும் உட்குடைவின் அளவு ஒரு நூல் பிசகினாலும் ஒரு ஸ்வரம் ஏறும், இன்னொன்று இறங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று கெடும். கணக்குப் போட்டுச் செய்கிற காரியம் இல்லை. கடைந்து, ஊதச் சொல்லிக் கேட்டு, மறுபடி கடைந்து பார்க்கிற காரியம். துளை போட்டபின் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தப்பினால் அந்த மரமே வீண்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ரங்கநாதன் ஆச்சாரி செய்து கொடுத்ததுதான் இன்று நாம் எல்லா மேடையிலும் பார்க்கும் பாரி நாயனம். ஏறக்குறைய இரண்டரை அடி நீளம், இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை சுருதி, சுத்த மத்தியமம் கச்சிதம். ராஜரத்தினம் பிள்ளை என்றதும் தோடி என்போம். தோடியில் வருவது சுத்த மத்தியமம் என்பதை மறந்துவிட வேண்டாம்! அவர் தோடிக்குக் கருவி தேவைப்படவில்லை, திமிரியிலேயே அதை வாசித்துப் பேர் வாங்கியவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தோடியை எட்டிப்பிடிக்க ஓர் ஏணி வேண்டியிருந்தது. அந்த ஏணியைச் செய்தவர் ஆச்சாரி.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஒருவருக்காகச் செய்தது ஊருக்கெல்லாம் ஆயிற்று. பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து நாயனம் வாசித்தபோது தமிழ்நாடே கேட்டது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். குரலோடு குரலாகவும், சினிமாக் கொட்டகைக்குள்ளும் நாயனம் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்குச் சுருதி இறங்கியதும் ஒரு காரணம். திமிரி சில கோவில்களோடு ஒதுங்கிவிட்டது.

பழைய வீடு, புதிய நாயனம்

நாயனத்துக்கு ஆச்சா மரம்தான் வேண்டும். அதுவும் புது மரம் உதவாது. ஈரம் முழுக்க வற்றிய பழைய மரம், பல பத்தாண்டுகள் வீட்டில் உத்தரமாகவோ தூணாகவோ நின்ற மரம் வேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது ஆச்சாரிமார் போய் விலைபேசி வாங்கிவருவார்கள். புது மரத்தில் செய்தால் காற்றுக்கும் வெயிலுக்கும் நெளியும், வெடிக்கும், சுருதி நிற்காது. அதாவது ஒரு குடும்பத்தின் கல்யாணத்தையும் சாவையும் பார்த்த உத்தரம் இன்னொரு குடும்பத்தின் கல்யாணத்தில் பாடுகிறது. எத்தனை பொருத்தம் பாருங்கள்!

இனிமேல்தான் சிக்கல். பிரிப்பதற்கு அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை மிச்சம்? கான்கிரீட் வீட்டைப் பிரித்தால் நாயனம் கிடைக்காது.

உலவு எனப்படும் குழல், கீழே அணசு, மேலே கெண்டை, அதில் செருகும் சீவாளி. இவ்வளவுதான் நாயனம். இதில் வித்வானின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சீவாளியில்தான். ஆற்றங்கரை நாணல் வகைத் தட்டையைக் காயவைத்துப் பதப்படுத்தி, மடித்து, நூல் கட்டிச் செய்வது. வித்வான் அதை எச்சிலில் ஊறவைத்து, உதட்டில் வைத்துப் பார்த்து, தட்டி, நீவிப் பழக்குவார். ஒருவர் பழக்கிய சீவாளி இன்னொருவருக்குச் சரிப்படாது. மழைக்காலத்தில் ஒரு மாதிரி பேசும், கோடையில் வேறு மாதிரி பேசும். அதனால்தான் நாயனத்தில் கொத்தாக நாலைந்து சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்ய ஒரு குச்சியும் கட்டித் தொங்கும். சின்ன வயதில் அதை நாமெல்லாம் அலங்காரம் என்று நினைத்திருப்போம். அது அலங்காரமில்லை, கையிருப்பு!

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தவில்காரரைப் பாருங்கள். துணியையும் பசையையும் சுற்றி இறுகவைத்த கூடுகளை வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார். இடக்கையில் கம்பு. இங்கே கருவி எங்கே முடிகிறது, கை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்? ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களின் பேரெல்லாம் அந்த விரல் கூடுகளுக்குள் இருந்துதான் வந்தது.

பிடிலும் மிருதங்கமும்

நாயனத்தில் சங்கீதம் நின்றது, கருவி மாறியது. பிடிலில் இதற்கு நேர் எதிர். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டியை நாம் ஒரு ஆணிகூட மாற்றவில்லை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதை நம் இசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செய்த மாறுதல் என்ன? நின்றுகொண்டு வாசித்ததை உட்கார்ந்து வாசித்தார்கள், தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள், தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டினார்கள். அவ்வளவுதான், கமகம் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே மனிதன் வளைந்தான், கருவி அப்படியே நின்றது.

மிருதங்கமோ இரண்டுக்கும் நடுவில். பலா மரக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்த தட்டு, வலந்தலையில் அரைத்து ஏற்றும் கரணை. ஒவ்வொரு வித்வானின் விரலுக்கும் ஒவ்வொரு கனம். பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) மிருதங்க நாதத்தைப் பற்றிப் பேசாத ரசிகர் கிடையாது. மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக, 1966இல், சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர். அந்த நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். பர்லாந்து என்று அழைக்கப்பட்ட பெர்னாண்டஸ், மிருதங்கம் செய்யும் செபாஸ்டியன் குடும்பத்தவர். தோலைத் தேர்ந்தெடுப்பதும் மூட்டுவதும் ஐயர் தட்டிப் பார்த்துக் குறை சொன்னால் மறுபடி பிரிப்பதுமாக இரண்டு பேரும் சேர்ந்து தேடிய நாதம் அது.

2020இல் டி.எம். கிருஷ்ணா இந்த மிருதங்கக் கைவினைஞர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்கு முதலில் கிடைத்த அரங்கம் பின்னர் மறுக்கப்பட்டு, வேறு இடத்தில் வெளியீடு நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கோவில் மண்டபத்தில் ஒலிக்கும் வாத்தியத்தில் பசுத்தோல் இருக்கிறது, அதைப் பதப்படுத்தி மூட்டியவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள் என்பதை வெளிப்படையாகப் பேச நமக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. ஆயிரம் மேடையில் கேட்டோம், ஒருநாளாவது யார் மூட்டியது என்று கேட்டோமா?

மூன்றாவது நாற்காலி

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வித்வானுக்கும் கருவிக்கும் உள்ள உறவு என்று ஆரம்பித்தோம். தோண்டிப் பார்த்தால் அந்த உறவு இரண்டு பேருக்கிடையே இல்லை, மூன்று பேருக்கிடையே. வாசிக்கிறவர் ஒருவர், கருவி ஒன்று, செய்தவர் ஒருவர். மூன்றாமவருக்கு மட்டும் வரலாற்றில் நாற்காலி போடவில்லை.

ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12இல் மறைந்தார். அவர் போராடி வாங்கிய மரியாதை பின்னால் வந்த நாயனக்காரர்களுக்குக் கிடைத்தது. உட்கார்ந்து வாசிக்க உதவிய அந்தக் கருவியைச் செய்தவருக்கு அந்த மரியாதையில் எவ்வளவு பங்கு கிடைத்தது? காலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இலும், மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு ஊரின் பெயருக்குத்தான். ஆளின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வரலாற்றுத் துறையில் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் அறைக்கும் நூலகத்துக்கும் அலைகிறீர்கள். ஆடுதுறை தாண்டி ஒரு ஸ்டேஷன் போங்கள். எந்தப் பட்டறையில் யாரிடம் யார் கற்றார், எந்த வித்வானுக்கு எந்த அளவில் கடைந்தார், மரம் எந்த ஊரிலிருந்து வந்தது, பிள்ளைகள் தொழிலில் இருக்கிறார்களா, ஏன் இல்லை என்று கேட்டு எழுதுங்கள். அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகள் பெரும்பாலும் கையிலும் காதிலும்தான் இருக்கின்றன, நோட்டில் இல்லை. ஒரு முதியவர் போனால் ஒரு நூலகம் போன மாதிரி.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. நாமெல்லாம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்கிற வயது. அழைப்பிதழில் நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று போடுகிறோம். அன்று மேடையில் வித்வான் தாம்பூலம் வாங்கும்போது, "ஐயா, இந்த நாயனம் யார் செய்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லுவார், முகம் மலர்ந்து சொல்லுவார். பழைய வீட்டைப் பிரிக்கிறவர்கள் உத்தரத்தை விறகுக்குப் போடும் முன் அது ஆச்சாவா என்று பார்த்து, நரசிங்கம்பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

காசு செலவில்லாத காரியங்கள்தான் இவை. செய்து பாருங்கள்.